சவாய் ஜாடியில் பூ வைப்பது எப்படி

பின்லாந்தில் யார் வீட்டுக்குப் போனாலும், சுவர் அலை அலையாக வளைந்த ஆல்தோ கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கும். கல்யாணம், பட்டமளிப்பு, ஐம்பதாவது பிறந்தநாள், பணி ஓய்வு என்று எதற்கும் இதைத்தான் பரிசாகக் கொடுக்கிறார்கள். இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம் ஆட்களின் வீடுகளுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த பல வீடுகளில் அது டிவிக்குப் பக்கத்தில் காலியாக நிற்கிறது. இல்லையென்றால் உள்ளே கார் சாவியும் பழைய பேட்டரியும் கிடக்கின்றன. கேட்டால், "வாய் இவ்வளவு அகலமாக இருக்கிறதே, இதில் பூ எப்படி நிற்கும்?" என்கிறார்கள். நன்றாகவே நிற்கும். அதற்கு ஏற்ற வடிவம்தான் அது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் ஜாடியைப் பற்றி. இதன் பெயர் சவாய் ஜாடி. ஆல்தோ ஜாடி என்றும் சொல்வார்கள். 1936இல் கர்ஹுலா-ஈத்தலா கண்ணாடித் தொழிற்சாலை, அடுத்த வருடம் பாரிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியை மனதில் வைத்து ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. அதற்குப் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்தோ அனுப்பிய வரைபடங்களில் பிறந்தது இது. "எஸ்கிமோ பெண்ணின் தோல் காற்சட்டை" என்ற விசித்திரமான தலைப்பில் அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. 1937இல் ஹெல்சிங்கியின் எஸ்ப்ளனாதி பூங்காவை ஒட்டிய கட்டடத்தின் மேல்தளத்தில் சவாய் உணவகம் திறக்கப்பட்டது. அதன் உள் அலங்காரத்தையும் நாற்காலி மேசைகளையும் அல்வாரும் அவர் மனைவி ஐனோவும் சேர்ந்து செய்தார்கள். இந்த ஜாடி அங்கே மேசைகளில் இடம்பிடித்தது, உணவகத்தின் பெயர் ஜாடிக்கு ஒட்டிக்கொண்டது. போட்டிக்காக வரைந்தது என்பதால் வடிவம் தொழிற்சாலைக்கே சொந்தமாகிவிட்டது. உலகமெங்கும் விற்ற ஒரு பொருளிலிருந்து அதை வரைந்தவருக்குப் பணம் எதுவும் வரவில்லை. எனக்கு இது இன்னும் மனதை உறுத்துகிற விஷயம்தான்.

ஐனோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் கட்டடக் கலைஞர், அல்வாரைவிட நான்கு வயது மூத்தவர். 1932இல் அதே தொழிற்சாலை நடத்திய இன்னொரு போட்டிக்கு அவர் வரைந்த, வளையம் வளையமாக அலையோடும் தண்ணீர் தம்ளர்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் மோர் குடிப்பது அதில்தான். அவை அச்சில் அழுத்திச் செய்தவை, ஜாடியோ வாயால் ஊதியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தால் ஊதிய கண்ணாடியின் குணம் கைக்கே தெரியும்.

கையில் எடுத்துப் பார்க்கும் விதம்

பூ வைக்கும் முன் இந்த ஜாடியை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமுள்ள ஜாடியாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே புடைத்திருக்கும் வளைவுகளில் நிறம் வெளிறியும், உள்ளே மடங்கும் இடங்களில் அடர்த்தியாகவும் இருக்கும். காரணம் இதுதான். சுமார் 1100 பாகை வெப்பத்தில் இருக்கும் கண்ணாடிக் குழம்பை ஊதுகுழலின் நுனியில் சுருட்டி எடுத்து, கொஞ்சம் ஊதி, அச்சுக்குள் இறக்கி மறுபடி ஊதுகிறார்கள். அச்சின் உள்நோக்கிய வளைவுகளைக் கண்ணாடி முதலில் தொடுகிறது. தொட்ட இடம் சட்டென்று ஆறி, தடிமனாகவே நின்றுவிடுகிறது. மீதி இன்னும் தள்ளிப்போய் வெளி வளைவுகளைத் தொடும்போது இழுபட்டு மெலிகிறது. ஊதியவரின் மூச்சு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதை இந்த நிற வேறுபாட்டிலேயே படித்துவிடலாம்.

வட்டமான ஜாடி என்றால் அச்சுக்குள் சுழற்றிக்கொண்டே ஊதுவார்கள். அப்போது அச்சின் தடயங்கள் தேய்ந்து மறைந்துவிடும். இதை அப்படிச் சுழற்ற முடியாது, வடிவம் விடாது. ஆல்தோ முதலில் தரையில் குச்சிகளை நட்டு, அவற்றின் நடுவே கண்ணாடியை ஊதவைத்துப் பார்த்தாராம். குச்சி இருக்கும் இடத்தில் நிற்கும், இல்லாத இடத்தில் பிதுங்கும். பிறகு மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்து அச்சாக்க நினைத்தார், அது சரிவரவில்லை. கடைசியில் மர அச்சில்தான் தயாரிப்பு தொடங்கியது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் மரம் கொஞ்சம் கரிந்துபோகும், அதனால் ஒரு ஜாடி போல இன்னொன்று அச்சசலாக இருக்காது. 1954இல் வார்ப்பிரும்பு அச்சுகளுக்கு மாறினார்கள். மர அச்சில் ஊதிய சிறப்புப் பதிப்புகள் இப்போதும் அவ்வப்போது வருகின்றன. அவற்றின் சுவரில் விரலை ஓட்டினால் லேசான நெளிவு தட்டுப்படும். பழைய மர அச்சு ஒன்று கிடைத்தால் கண்டிப்பாக முகர்ந்து பாருங்கள், கரி வாசனை போகவே போகாது.

ஊதி முடித்த ஜாடி உடனே வெளியே வந்துவிடுவதில்லை. மெல்ல மெல்ல ஆறவைக்கும் நீண்ட சூளைக்குள் போகிறது. வேகமாக ஆறினால் உள்ளுக்குள் இழுவிசை தங்கி, பின்னால் ஒருநாள் தொட்டாலே வெடிக்கும். ஆறிய பிறகு ஊதுகுழல் ஒட்டியிருந்த மேல்மூடியை வெட்டி எடுத்து, விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அதனால்தான் சவாய் ஜாடியின் விளிம்பு மேசைப் பலகை போலத் தட்டையாக இருக்கிறது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது, தூக்கும்போது, கழுவும்போது எல்லாம் இந்த விளிம்புதான் முக்கியம்.

வாங்குவதாக இருந்தால்

புதிதாகக் கடையில் வாங்குவதில் சொல்ல அதிகமில்லை. 16 சென்டிமீட்டர் உயரமுள்ளதை வாங்குங்கள். 9.5, 12 சென்டிமீட்டர் ஜாடிகளும் அழகுதான், ஆனால் கடையில் கிடைக்கும் பூங்கொத்து அவற்றில் அடங்காது. உயரமான பெரியவை வரவேற்பறைக்குப் பொருத்தம், கழுவித் தூக்குவதற்குள் கை வலித்துவிடும். முதல் ஜாடி என்றால் நிறமில்லாததே என் யோசனை. தண்டும் தண்ணீரும் தெரியவேண்டும், பாதி அழகு அதில்தான் இருக்கிறது.

கிர்ப்புதோரி என்று இங்கே சொல்லும் பழைய பொருள் சந்தைகளில் வாங்குவதற்குத்தான் கவனம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுவதும் விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். (குழந்தைகள் கூட இருந்தால் அவர்களைச் செய்யவிடாதீர்கள், உடைந்த விளிம்பு பிளேடு போல வெட்டும்.) அடுத்து, விரலை மடக்கி மூட்டால் சுவரைத் தட்டுங்கள். நல்ல ஜாடி மணியொலி தரும், விரிசல் உள்ளது மொட்டையாகச் சத்தம் போடும்.

உள்ளே வெள்ளையாகப் புகை படிந்தாற்போல் இருந்தால் கடைக்காரர் "கழுவினால் போய்விடும்" என்பார். போகுமா என்பதை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு துளி தண்ணீரை உள்ளே தடவுங்கள். ஈரத்தில் புகை மறைந்து, காய்ந்ததும் அப்படியே திரும்பி வந்து, நகத்தால் சுரண்டினாலும் எதுவும் தட்டுப்படாமல் வழவழப்பாக இருந்தால், கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. நகத்துக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் உப்பு அல்லது சுண்ணாம்புக் கறை. அதை எடுத்துவிடலாம், தாராளமாக வாங்குங்கள்.

அடிப்பாகத்தில் ஆல்தோவின் பெயர் மெல்லிய கோடாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு வட்டத்தில் வெள்ளையாக ஆங்கில 'i' எழுத்து உள்ள ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம். ஜாடியைச் செய்யும் ஈத்தலா நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் திமோ சர்பனேவா 1956இல் வரைந்த சின்னம் அது. 2024இல் ஈத்தலா அந்தச் சிவப்பை விட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறியபோது இந்த ஊரில் பெரிய மனவருத்தமே ஏற்பட்டது. ஸ்டிக்கரை உரிப்பதா விடுவதா என்பதில் பின்லாந்துக்காரர்கள் இரண்டு கட்சி. நான் உரிக்கும் கட்சி. தண்ணீருக்கு முன்னால் எதற்கு ஒரு விளம்பரம்? சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் சுத்தமாக வந்துவிடும்.

சின்னக் காற்றுக்குமிழி ஒன்றிரண்டு இருந்தால் அதற்காக ஒதுக்காதீர்கள். வாயால் ஊதியதில் அது வரும்.

பூ வைக்கும் முறை

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எஸ்போவில் எங்களுக்கு எதிர் வீட்டில் இருந்த பாட்டி. கடையிலிருந்து கொத்தாக வாங்கிவந்த துலிப் பூக்களை நான் அப்படியே ரப்பர் பேண்டோடு ஜாடிக்குள் இறக்கப்போனேன். அவர் கையிலிருந்து வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொரு பூவாக எடுத்து ஜாடிக்குள் விட்டார். "விட்டார்" என்பதுதான் சரி. குத்தவில்லை, நிறுத்தவில்லை. முதல் தண்டு ஒரு மடிப்புக்குள் போய் சாய்ந்துகொண்டது. இரண்டாவதை எதிர்ப்பக்க மடிப்பில் விட்டார், அது முதல் தண்டின் மேல் குறுக்கே படிந்தது. மூன்றாவது அந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. ஐந்தாறு தண்டுகள் போனதும் அடியில் ஒரு பின்னல் உருவாகிவிட்டது. அதன் பிறகு எந்தப் பூவை எங்கே விட்டாலும் நின்றது.

வட்ட ஜாடியில் தண்டு வழுக்கி ஓடும், எல்லாப் பூவும் ஒரே பக்கம் போய்ச் சேரும். சவாய் ஜாடியில் ஓட இடமில்லை, ஒவ்வொரு புடைப்பும் ஒரு தனி அறை. ஆகவே செய்யவேண்டியதும் எளிது. பூக்களைக் கொத்தாக இறக்காமல் ஒன்றொன்றாக, வேறுவேறு மடிப்பிலிருந்து தொடங்கி, தண்டு குறுக்காகப் போகும்படி விடுங்கள். வலைக்கம்பி, பஞ்சு, செலோடேப் கட்டம் எதுவும் வேண்டாம். எல்லா அறைகளையும் நிரப்பியே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஒரு புடைப்பைக் காலியாக விட்டுப் பாருங்கள், ஜாடியின் கோடு அங்கே தெரியும்.

தண்டின் நீளத்தை ஜாடியின் உயரத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் வையுங்கள். 16 சென்டிமீட்டர் ஜாடி என்றால் 24 முதல் 32 சென்டிமீட்டர். துலிப்பை மட்டும் இன்னும் குட்டையாக வெட்டவேண்டும், ஏனென்றால் அது வெட்டிய பிறகும் ஜாடிக்குள் வளரும், வெளிச்சத்தைப் பார்த்து வளையும். திங்கட்கிழமை வைத்தபடி வியாழக்கிழமை இருக்காது. இந்த ஜாடியில் அந்த வளைவு மிகவும் பொருந்திப்போகிறது.

தண்ணீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள், அழுகி நாற்றமெடுப்பது அவைதான். தண்டின் நுனியைக் கூரான கத்தியால் சரிவாக வெட்டுங்கள். துலிப்புக்கு ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். ரோஜாவுக்கும் கிளைகளுக்கும் முக்கால் வரை ஊற்றலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். டாஃபடிலையும் துலிப்பையும் ஒன்றாக வைக்க ஆசைப்பட்டால், டாஃபடிலைத் தனிப் பாத்திரத் தண்ணீரில் ஒரு இரவு வைத்துவிட்டு, மறுபடி வெட்டாமல் சேருங்கள். புதிதாக வெட்டிய டாஃபடில் தண்டிலிருந்து வழியும் கொழகொழப்பான பால் துலிப்பை வாடவைத்துவிடும்.

கோடையில் பூவுக்குக் கடைக்கே போகவேண்டாம். பின்லாந்தில் காட்டுப்பூக்களை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், பாதுகாக்கப்பட்ட இனங்களைத் தவிர. ஜூன் மாதம் சாலையோரமெல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிற்கும் லூபின் பூவைப் பறித்தால் இயற்கைக்கு நல்லதே. அது வெளியிலிருந்து வந்து பரவி மற்றச் செடிகளை அழுத்தும் இனம். காய் பிடிக்கும் முன் பறித்துவிடுங்கள், விதை உங்களோடு பயணம் செய்யக்கூடாது. ஆனால் மரக்கிளை ஒடிப்பதற்கு நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறுக்கான வில்லோ குச்சியாக இருந்தாலும், ஜூன் கடைசியில் வீட்டுவாசலில் வைக்கும் பிர்ச் கிளையாக இருந்தாலும் அப்படித்தான்.

9.5 சென்டிமீட்டர் ஜாடி யாராவது கொடுத்திருந்தால் அதற்கு ஏற்றது கியெலோ. பள்ளத்தாக்கு லில்லி என்பார்களே, பின்லாந்தின் தேசிய மலர். ஒரு பிடி போதும், அறை முழுவதும் மணக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பூ நஞ்சுள்ளது, அது நின்ற தண்ணீரும் நஞ்சு. குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அம்மா இங்கே வந்திருந்தபோது வேறு மாதிரி வைத்தார். தோட்டத்தில் உதிரப்போகும் பியோனிப் பூக்களைத் தண்டே இல்லாமல் கிள்ளி, ஜாடியில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, புடைப்புக்கு ஒன்றாக மிதக்கவிட்டார். வெண்கல உருளியில் பூ மிதக்கவிட்ட கை அது. மேலிருந்து பார்த்தால் ஏரிக்கரை வளைவுகளில் பூ ஒதுங்கினாற்போல் இருந்தது. இந்த வடிவம் பின்லாந்தின் ஏரிக்கரைகளிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். ஆல்தோ அதை உறுதியாகச் சொல்லிவைக்கவில்லை. எப்படியும், மேலிருந்து பார்க்கவேண்டிய ஜாடி இது. உயரமான அலமாரியில் ஏற்றிவிட்டால் ஒரு கண்ணாடிச் சுவர் மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு மேசையிலோ தாழ்வான டீப்பாயிலோ, பக்கவாட்டில் வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள். வெள்ளை மேசைவிரிப்பு என்றால் நிழலும் சேர்ந்து விழும்.

கழுவுவது

கையால் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான ஸ்பாஞ்சு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் நாளாவட்டத்தில் மேற்பரப்பு மங்கும், பக்கத்துத் தட்டில் மோதி விளிம்பும் போகும். குளிரில் இருந்து எடுத்துவந்த ஜாடியில் சுடுதண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். இங்கே ஜனவரியில் கார் டிக்கியில் கிடந்த ஜாடிக்கு, வீட்டுக்குள் ஒரு மணி நேரமாவது அவகாசம் கொடுங்கள். அதே காரணத்துக்காக, உள்ளே பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுவதும் வேண்டாம். சுடர் சுவருக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும்.

ஹெல்சிங்கி பகுதிக்குத் தண்ணீர் பையன்னே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் நீளமுள்ள பாறைச் சுரங்கம் வழியாக வருகிறது. மிகவும் மென்மையான தண்ணீர், கறை படிவது குறைவு. சென்னைக்கு எடுத்துப்போனவர்கள்தான் போர்வெல் தண்ணீரில் உப்புக்கோடு விழுந்துவிட்டது என்கிறார்கள். அதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கோட்டுக்கு மேலே வரும்வரை ஊற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் துணியால் துடைத்தாலே போய்விடும். மடிப்புகளின் அடி மூலையில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தால் விரல் எட்டாது. ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் சோப்புத்தண்ணீரும் போட்டு, ஜாடியைச் சுற்றிச் சுற்றி ஆட்டுங்கள், அரிசி உள்ளே போய்த் தேய்த்துவிடும். கம்பிநார், சாம்பல், பவுடர் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். கடைசியில் பஞ்சு நூல் துணியால் உடனே துடைத்துவிடுங்கள், தானாகக் காயவிட்டால் துளித்துளியாகத் தடம் விழும்.

தூக்கும்போது விளிம்பைப் பிடிக்கவேண்டாம். இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்குங்கள், தண்ணீரோடு என்றால் கட்டாயமாக.

ஊருக்கு எடுத்துப்போவது

கைப்பெட்டியில்தான். உள்ளே சாக்ஸை உருட்டி ஒவ்வொரு புடைப்பிலும் திணியுங்கள், இறுக்கமாக வேண்டாம். பிறகு வெளிப்பக்க மடிப்புகளையும் அதேபோல் துணியால் நிரப்பி, ஜாடி முழுவதும் ஒரு உருளையாக மாறும்வரை சுற்றுங்கள். இந்த வெளி மடிப்பை நிரப்புவதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அழுத்தம் எல்லாம் மெல்லிய புடைப்புகளின் மேல்தான் விழும். விளிம்புக்கு மேல் மடித்த துண்டு ஒன்று. அதற்கு மேல் கனமான எதுவும் வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் விளிம்பில் சில்லு பட்டுவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெட்டித் தேய்த்த விளிம்பு என்பதால், கண்ணாடி அறுக்கும் பட்டறையில் கொடுத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தேய்த்து, மறுபடி மெருகேற்றித் தருவார்கள். உயரம் குறைந்தது யாருக்கும் தெரியாது. விரிசல் சுவரில் இறங்கியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. அதில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த புல்லும் காட்டுக் கதிர்களும் வையுங்கள்.